புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் மாத்திரை: வீட்டில் கொடுக்கும் முறை

புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் எழுதிக் கொடுத்து, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எத்தனை மில்லிகிராம் என்பது மருத்துவரின் முடிவு. எந்த மணிக்குக் கொடுப்பது, கூடவே எதைக் கொடுப்பது, எதைச் சேர்க்கவே கூடாது, எப்போது அடுத்த வேளையை நிறுத்திவைத்துவிட்டு மருத்துவருக்குப் போன் செய்வது என்பதெல்லாம் வீட்டில் இருப்பவர் கையில் இருக்கிறது. கணக்குத் தவறாமல் கொடுத்தால் மாதக்கணக்கில் நிம்மதியாகக் கொடுக்கக்கூடிய மருந்து இது. தவறு பெரும்பாலும் நான்கு இடங்களில்தான் நடக்கிறது: வலித்தால் மட்டும் கொடுப்பது, மலமிளக்கி இல்லாமல் கொடுப்பது, தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்துவிடுவது, 12 மணி நேர மாத்திரையை நசுக்கிக் கொடுப்பது.

கையில் இருப்பது எந்த மாத்திரை?

முதல் வேளை கொடுப்பதற்கு முன் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். இரண்டு வகை உண்டு. சாதாரண மார்ஃபின் மாத்திரை விழுங்கிய அரை மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கும். ஒரு மணி நேரத்தில் முழு வேகம் எடுக்கும். நான்கு மணி நேரம் தாங்கும். அட்டையில் எஸ்ஆர் (SR), சிஆர் (CR) போன்ற எழுத்துகள் இருந்தால் அது மெதுவாகக் கரையும் வகை, 12 மணி நேரத்துக்கு ஒன்று. இரண்டும் ஒரே மில்லிகிராமில் கிடைக்கும் என்பதால் மாறிப்போக வாய்ப்பு அதிகம். 12 மணி நேர மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்தால் ஒரே நாளில் மருந்து உடம்பில் ஆபத்தான அளவுக்குச் சேர்ந்துவிடும்.

சாதாரண மாத்திரையை உடைக்கலாம், பொடித்துத் தண்ணீரில் கரைக்கலாம். மூக்குக் குழாய் வழியாகக் கொடுப்பவர்கள் நன்றாகக் கரைத்துச் செலுத்தி, முன்னும் பின்னும் குழாயில் கொஞ்சம் தண்ணீர் விட வேண்டும். மெதுவாகக் கரையும் மாத்திரையை உடைக்கவோ, மெல்லவோ, பொடிக்கவோ கூடவே கூடாது. 12 மணி நேரத்துக்குப் பிரித்துத் தர வேண்டிய மருந்து முழுவதும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கும். மூச்சு அடங்கும் அளவுக்கு ஆபத்து அதில் உண்டு. விழுங்க முடியாத நிலை வந்தால் மருந்தை மாற்றித் தரச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

திரவ மருந்தாகக் கொடுத்திருந்தால் மில்லிகிராமும் மில்லிலிட்டரும் வேறு வேறு என்பதை மறக்க வேண்டாம். ஒரு மில்லிலிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்று பாட்டிலில் இருக்கும். ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். வீட்டுக் கரண்டி வீட்டுக்கு வீடு மாறும்.

நேரம் வைத்துக் கொடுப்பது

வலி வந்தபின் மாத்திரை கொடுத்தால், அது வேலை செய்யும் வரை நோயாளி துடித்துக்கொண்டிருப்பார். அதற்குள் வலி உச்சத்துக்கு ஏறியிருக்கும். ஏறிய வலியை இறக்கக் கூடுதல் மருந்து தேவைப்படும். முந்தைய வேளையின் பலம் தீர்வதற்குள் அடுத்த வேளை உள்ளே போய்விட வேண்டும். அதனால்தான் வலி இருக்கிறதோ இல்லையோ, நேரம் வந்தால் கொடுக்க வேண்டும் என்கிறோம். "இப்போது வலி இல்லையே, எதற்கு மாத்திரை?" என்று நோயாளியே கேட்பார். மாத்திரை கொடுப்பதால்தான் வலி இல்லை என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கு வழக்கமாக ஒரு வேளைக்கு 5 அல்லது 10 மி.கி. என்று தொடங்குவார்கள். மிகவும் வயதானவர், எடை குறைந்தவர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர் என்றால் 2.5 மி.கி. அளவில் தொடங்கி இடைவெளியையும் 6 அல்லது 8 மணி நேரமாக நீட்டுவார்கள். பக்கத்து வீட்டு நோயாளிக்கு 30 மி.கி. கொடுக்கிறார்கள், நமக்கு மட்டும் ஏன் 5 என்று ஒப்பிட வேண்டாம். அவர் உடம்பு படிப்படியாக அந்த அளவுக்கு வந்திருக்கும். அதே 30 மி.கி. புதிதாகத் தொடங்குபவருக்கு ஆபத்து.

நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 10 மி.கி. என்று எழுதியிருந்தால் நாள் இப்படி அமையும்: காலை 6 மணிக்கு 10, 10 மணிக்கு 10, பிற்பகல் 2 மணிக்கு 10, மாலை 6 மணிக்கு 10, இரவு 10 மணிக்கு 20. இரவு வேளையை இரட்டிப்பாக்குவது, நள்ளிரவு 2 மணிக்கு எழுப்பாமல் அவரைத் தூங்கவிடுவதற்காக. மருத்துவர் அப்படி எழுதியிருந்தால் மட்டுமே இரட்டிப்பாக்க வேண்டும்; சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இது பொருந்தாது. செல்போனில் ஐந்து அலாரம் வைத்துவிடுங்கள். சாப்பாட்டுக்கு முன், பின் என்ற கட்டாயம் இல்லை. வெறும் வயிற்றில் குமட்டினால் கொஞ்சம் கஞ்சியோ பிஸ்கட்டோ கொடுத்துவிட்டுக் கொடுக்கலாம்.

சாதாரண மாத்திரையில் ஒரு வேளை தவறிவிட்டால் நினைவு வந்தவுடன் கொடுங்கள். அங்கிருந்து நான்கு மணி நேரம் எண்ணி அடுத்ததைக் கொடுங்கள். தவறியதையும் சேர்த்து இரண்டாகக் கொடுக்கக் கூடாது. விழுங்கியவுடன் வாந்தி எடுத்து, மாத்திரை முழுசாக வெளியே வந்ததைக் கண்ணால் பார்த்தால் மறுபடி கொடுப்பது பற்றிப் போனில் கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் மருந்து உள்ளே போயிருக்கிறது என்றே வைத்துக்கொண்டு அடுத்த வேளைக்குக் காத்திருங்கள்.

இடையில் வலி கிளம்பினால்

குளிப்பாட்டும்போது, புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது, படுக்கையில் புரட்டும்போது வலி திடீரென்று கிளம்பும். இதற்குத் தனியாக ஒரு அவசர வேளை எழுதிக் கொடுத்திருப்பார்கள். வழக்கமாக ஒரு நாள் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கு. மேலே சொன்ன கணக்கில் நாளுக்கு 60 மி.கி., அவசர வேளை 10. சாதாரண மாத்திரைதான் இதற்கு. 12 மணி நேர மாத்திரை சாப்பிடுபவரும் அவசரத்துக்குச் சாதாரண மாத்திரையைத் தனியாக வைத்திருக்க வேண்டும். கட்டு மாற்றப்போகிறீர்கள் என்று தெரிந்தால் அரை மணி நேரம் முன்பே கொடுத்துவிடலாம்.

அவசர வேளை கொடுத்துவிட்டோமே என்று வழக்கமான வேளையைத் தள்ளிப்போட வேண்டாம். அது அதன் நேரத்துக்கே போக வேண்டும். ஒரு மணி நேரம் பார்த்தும் வலி இறங்கவில்லை, ஆள் தெளிவாக விழித்திருக்கிறார் என்றால் எழுதிக் கொடுத்தபடி இன்னொரு முறை கொடுக்கலாம். ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் அவசர வேளை தேவைப்பட்டால் அடிப்படை அளவு போதவில்லை என்று பொருள். அளவை நீங்களே கூட்டாதீர்கள். கொடுத்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, அதைப் பார்த்துப் போனில் சொன்னால் அளவை மாற்றித் தருவார்கள்.

அந்த நோட்டுப் புத்தகம் முக்கியம். தேதி, நேரம், எத்தனை மி.கி., வழக்கமானதா அவசரத்துக்கா, கொடுப்பதற்கு முன் வலி எவ்வளவு, ஒரு மணி நேரம் கழித்து எவ்வளவு, மலம் போனாரா என்று எழுதுங்கள். வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை சொல்லச் சொல்லலாம். எண்ணில் சொல்லத் தயங்கும் பெரியவர்களிடம், "வலி முழு ரூபாய் என்றால் இப்போது எத்தனை அணா?" என்று கேட்டுப் பாருங்கள், பழைய ஆட்கள் யோசிக்காமல் பதில் சொல்வார்கள். இரண்டு பேர் மாறி மாறிப் பார்த்துக்கொள்ளும் வீட்டில், நோட்டில் எழுதாததால் ஒரே வேளையை இருவரும் கொடுத்துவிடுவது நடக்கக்கூடியது. கொடுத்த கையோடு எழுதிவிடுங்கள்.

எல்லா வலியும் மார்ஃபினுக்கு அடங்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எரிச்சல், ஷாக் அடிப்பது போன்ற சுரீர் வலி, தொட்டாலே கூசுவது எல்லாம் நரம்பு வலி. அதற்கு அமிட்ரிப்டிலின், பிரிகாபலின் போன்ற வேறு மாத்திரைகள் வேண்டும். எலும்பில் பரவிய வலிக்குக் கதிர்வீச்சு நன்றாகக் கேட்கும். மலம் கட்டி வயிற்றைப் பிடித்து இழுக்கும் வலிக்கு மார்ஃபினைக் கூட்டினால் வலி இன்னும் கூடும். அதனால் "வலிக்கிறது" என்று மட்டும் சொல்லாமல் எங்கே, எப்படி வலிக்கிறது என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மலச்சிக்கல்

மார்ஃபினின் மற்ற தொல்லைகள் சில நாளில் குறையும். மலச்சிக்கல் மட்டும் மருந்து உள்ளே போகும் வரை போகாது. குடலின் அசைவை மார்ஃபின் மந்தமாக்குகிறது, மலத்தில் உள்ள நீர் உறிஞ்சப்பட்டுக் கெட்டியாகிறது. அதனால் முதல் மார்ஃபின் மாத்திரை தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். சிக்கல் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பின்னால் எனிமா வரை போகும். வலி தீர்ந்தும் மலச்சிக்கல் தாங்காமல் மார்ஃபினையே நிறுத்திவிடும் நோயாளிகள் உண்டு. மலமிளக்கியைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள்.

பெரும்பாலும் பிசகோடில் 5 மி.கி. மாத்திரை இரண்டை இரவில் கொடுக்கச் சொல்வார்கள். போதவில்லை என்றால் கூட்டுவார்கள், அல்லது லாக்டுலோஸ் சிரப் சேர்ப்பார்கள். பிசகோடில் மாத்திரையைப் பொடிக்கக் கூடாது, பாலோடு கொடுக்கவும் கூடாது. மேல்பூச்சு வயிற்றிலேயே கரைந்து வயிற்றைப் பிசையும். இசப்கோலைத் தவிர்ப்பது நல்லது. அது வேலை செய்ய நிறையத் தண்ணீர் வேண்டும். கொஞ்சமாகக் குடிக்கும் படுக்கை நோயாளிக்கு அதுவே குடலில் அடைத்துக்கொள்ளும். வாழைப்பழமும் கீரையும் கொடுக்கலாம், ஆனால் மார்ஃபின் மலச்சிக்கலுக்கு அவை மட்டும் போதாது.

மூன்று நாள் மலம் போகவில்லை என்றால் போன் செய்யுங்கள். பல நாள் போகாமல் இருந்தவருக்குத் திடீரென்று தண்ணீராகக் கசிந்தால் வயிற்றுப்போக்கு என்று நினைத்து மலமிளக்கியை நிறுத்திவிடாதீர்கள். இறுகிய மலத்தின் ஓரமாக நீர் மட்டும் வழிவதாக இருக்கலாம். மலக்குடலைச் சோதித்தால்தான் தெரியும். வயிறு உப்பி, விட்டு விட்டு முறுக்கி, வாந்தியும் இருந்தால் குடல் அடைப்பாக இருக்கலாம். அப்போது மலமிளக்கி கொடுக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

முதல் வாரம்

சிலருக்குக் குமட்டல் இருக்கும். மெட்டோகுளோபிரமைடு போன்ற மாத்திரையைக் கூடவே எழுதியிருந்தால் முதல் வாரம் தவறாமல் கொடுங்கள். அதற்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். மூன்று முதல் ஐந்து நாள் வரை தூக்கக் கலக்கமும் இருக்கும். வலியால் வாரக்கணக்கில் தூங்காதவர் பட்ட கடனைத் தீர்ப்பது போலவும் தூங்குவார். கூப்பிட்டால் கண் திறக்கிறார், பேசினால் பதில் சொல்கிறார், மூச்சு சீராக இருக்கிறது என்றால் தூங்கவிடுங்கள். வாய் காய்வது, லேசான அரிப்பு, வியர்வை இவையும் வரலாம். சிறுநீர் போக முடியாமல் அடிவயிறு இறுகினால் அன்றே சொல்லுங்கள். முதல் வாரத்திலும், அளவு கூட்டிய ஒவ்வொரு முறையும் சில நாட்களுக்கு வண்டி ஓட்டக் கூடாது. இரவில் பாத்ரூம் போகும்போது துணைக்கு ஒருவர் போக வேண்டும்.

சேர்க்கக் கூடாதவை

மது முதலில். அடுத்து அல்பிரசோலம், டயசிபாம், குளோனசிபாம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள். மார்ஃபினும் இவையும் சேர்ந்தால் மூச்சை இரண்டு பக்கமிருந்தும் அடக்கும். முன்பிருந்தே சாப்பிட்டு வருகிறார் என்றால் ஒளிக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, அவர் அளவை ஒழுங்கு செய்வார். பிரிகாபலின், காபாபென்டின், தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் சிரப் எல்லாமே இந்தக் கணக்கில் வரும். மருத்துவரே பார்த்து எழுதியிருந்தால் சரி, மருந்துக்கடையில் கேட்டு வாங்கியதாக இருக்கக் கூடாது. முன்பு டிரமடால் என்ற வலி மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தால், மார்ஃபின் தொடங்கியபின் அதைத் தொடர்வதா என்று கேட்டுவிட்டே கொடுங்கள்.

பாரசிட்டமாலை மார்ஃபினோடு சேர்த்துக் கொடுப்பது வழக்கம்தான். ஆனால் கூட்டிப் பாருங்கள். வலி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை, சளி மாத்திரை என்று வெவ்வேறு பெயரில் இருக்கும் பலவற்றிலும் 325, 500 அல்லது 650 மி.கி. பாரசிட்டமால் ஒளிந்திருக்கும். பெரியவர்களுக்கு நாள் ஒன்றுக்கு 4 கிராம் உச்ச வரம்பு. மெலிந்தவருக்கும் கல்லீரல் பாதித்தவருக்கும் அதைவிடக் குறைவு. டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரை சிறுநீரகத்தைப் பாதிக்கும். மார்ஃபின் உடம்பில் மாறி உருவாகும் பொருட்களைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். அது மந்தமானால் அதே பழைய அளவே நஞ்சாகும். வாந்தி, பேதி, காய்ச்சல் என்று உடம்பு வறண்டு சிறுநீர் குறையும் நாளில் மருத்துவரிடம் கேட்காமல் வழக்கம்போல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டாம்.

மருந்து அதிகமாகிறது என்பதன் அடையாளம்

மூச்சு அடங்குவதற்கு முன் பெரும்பாலும் தூக்கம் அதிகரிக்கும். நேற்றைவிட இன்று எழுப்புவது கடினமாக இருக்கிறது, பேச்சு குழறுகிறது, இல்லாத ஆளைப் பார்ப்பதாகச் சொல்கிறார், கை கால் திடுக் திடுக்கென்று துள்ளுகிறது என்றால் அடுத்த வேளை கொடுப்பதற்கு முன் போன் செய்யுங்கள். கண்பாவை ஊசிமுனை அளவு சுருங்கியிருப்பது மார்ஃபின் சாப்பிடும் எல்லோருக்கும் இருக்கும். அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம்.

உரக்கக் கூப்பிட்டும் தோளைத் தட்டியும் கண் திறக்கவில்லை என்றால் மூச்சை எண்ணுங்கள். மார்பு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கினால் தவறும். நிமிடத்துக்கு எட்டோ அதற்குக் கீழோ இருந்தாலும், உதடு நீலம் பாய்ந்தாலும் உடனே 108. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள், மாத்திரை அட்டையையும் நோட்டையும் ஆம்புலன்ஸில் எடுத்துப் போங்கள். மருத்துவமனையில் மார்ஃபினின் வேகத்தை முறிக்கும் நலோக்சோன் என்ற மருந்து இருக்கிறது. இறுதி நாட்களில் நோயினாலேயே மூச்சின் போக்கு மாறும். அந்தக் கட்டத்தை எட்டியவருக்கு எப்போது என்ன செய்வது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கதிர்வீச்சு முடிந்து எலும்பு வலி குறையும் வாரத்தில் தனிக் கவனம் வேண்டும். வலி ஆளை விழிக்கவைத்துக்கொண்டிருந்தது. வலி போனபின் அதே அளவு அதிகமாகி, ஆள் தூங்கி வழிவார். அளவைக் குறைக்க வேண்டும், ஆனால் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. சில வாரம் சாப்பிட்டவருக்குத் திடீரென்று நிறுத்தினால் வியர்வை, மூக்கில் நீர், பேதி, நிலைகொள்ளாமை எல்லாம் வரும். மருத்துவர் சொல்லும் படியில் சில நாட்களுக்கு ஒருமுறை இறக்க வேண்டும்.

இப்படி உடல் பழகிப்போவதைத்தான் பலரும் போதைக்கு அடிமையாவது என்று நினைத்துவிடுகிறார்கள். வலி தீர்ந்தபின்னும் மருந்தின் மேல் வேட்கை கொண்டு, கெடுதல் தெரிந்தும் தேடி அலைவது அடிமைத்தனம். வலிக்காக நேரம் வைத்து அளவோடு சாப்பிடுபவருக்கு அது அபூர்வம். முன்பு குடிப்பழக்கம் இருந்திருந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், மருந்து மறுப்பதற்காக இல்லை, கூடுதலாகக் கவனிப்பதற்காக. "மார்ஃபின் தொடங்கிவிட்டார்கள், அப்படியென்றால் கடைசிக் கட்டம்" என்று உறவினர் சொல்லும் பேச்சிலும் உண்மை இல்லை. வலியின் அளவு பார்த்துத் தருகிறார்களே தவிர, மீதமுள்ள நாளைப் பார்த்து இல்லை. அந்தப் பேச்சுக்குப் பயந்து அப்பாவையோ அம்மாவையோ வலியில் விடாதீர்கள்.

மாத்திரைக்குப் பதில் ஃபென்டனில் ஒட்டு

விழுங்க முடியாதவருக்குத் மார்ஃபின் வகையைச் சேர்ந்த ஃபென்டனில் என்ற வலி மருந்தைத் தோலில் ஒட்டும் பட்டையாகத் தருவார்கள். ஒன்று 72 மணி நேரம். ஒட்டி அரை நாள் கழித்துத்தான் சரியாக வேலை செய்யும். எடுத்தபின்னும் மருந்து பல மணி நேரம் உடம்பில் இருக்கும். முடி இல்லாத, காயமில்லாத மார்பு அல்லது மேல்கையில், தண்ணீரில் மட்டும் துடைத்துக் காய்ந்தபின் ஒட்டுங்கள். அடுத்ததை வேறு இடத்தில் ஒட்டி, பழையதைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். வெந்நீர்ப் பை, ஹீட்டிங் பேட் மேலே படக் கூடாது. சூட்டில் மருந்து வேகமாக உள்ளே இறங்கும். காய்ச்சலிலும் அப்படியே, அதனால் காய்ச்சல் வந்தால் போன் செய்யுங்கள். கழற்றிய பட்டையிலும் குழந்தையின் உயிருக்கு ஆபத்தான அளவு மருந்து மிச்சம் இருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்து எடுத்து வைத்து, மருந்து தந்த இடத்திலேயே ஒப்படையுங்கள்.

வாங்குவது, பூட்டி வைப்பது, திருப்பிக் கொடுப்பது

மார்ஃபின் தெருமுனை மருந்துக்கடையில் கிடைக்காது. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் மருந்து இது. 2014இல் சட்டத்தைத் திருத்தி, மார்ஃபின், ஃபென்டனில் உள்ளிட்ட மருந்துகளை அத்தியாவசிய போதை மருந்துகள் என்று வகுத்து, நாடு முழுவதற்கும் ஒரே விதி கொண்டுவந்தார்கள். அனுமதி பெற்ற மருத்துவமனைகளும் வலி நிவாரண ஆதரவு சிகிச்சை மையங்களும் பதிவேட்டில் எழுதித் தருகின்றன. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனையின் வலி நிவாரணப் பிரிவில் கேளுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கை நோயாளிகளுக்கு வீட்டுக்கே வந்து ஆதரவு சிகிச்சை தருவதும் அடக்கம். பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள். மார்ஃபின் எங்கே கிடைக்கும் என்பதை வீட்டுக்கு வரும் செவிலியரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

ஐந்து நாளைக்கான மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்ததற்குக் கிளம்புங்கள். பொங்கல், தீபாவளி போன்ற தொடர் விடுமுறைக்கு முன் இன்னும் கொஞ்சம் முன்னதாக. நோயாளி வர முடியாவிட்டால் பார்த்துக்கொள்பவர் வாங்கலாமா, என்னென்ன காட்ட வேண்டும் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். மருந்துச் சீட்டு, நோட்டு, காலி அட்டைகள் மூன்றையும் எடுத்துப் போனால் கணக்கு காட்ட எளிது. பயணத்தில் மாத்திரையோடு சீட்டும் கூடவே இருக்க வேண்டும்.

வீட்டில் பீரோவுக்குள் பூட்டி, சாவியை ஒருவர் மட்டும் வைத்திருங்கள். ஃபிரிட்ஜ் தேவையில்லை, வெயில், ஈரம் படாத இடம் போதும். அட்டையிலிருந்து பிரித்து வேறு டப்பாவில் போட்டால் எது எந்த மாத்திரை என்று பிறகு தெரியாது. வாரம் ஒருமுறை எண்ணி நோட்டோடு சரிபாருங்கள். குழந்தை ஒரு மாத்திரையை விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே போதும், அறிகுறிக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். முதுகு வலிக்கிறது என்று கேட்கும் எந்த உறவினருக்கும் பாதி மாத்திரைகூடக் கொடுக்காதீர்கள்.

அளவு மாறியதாலோ, சிகிச்சை முடிந்ததாலோ, நோயாளி இறந்ததாலோ மிச்சமாகும் மாத்திரைகளைக் குப்பையில் போட வேண்டாம், இன்னொரு நோயாளிக்கு நேரடியாகக் கொடுக்கவும் வேண்டாம். எண்ணி, எண்ணிக்கையை நோட்டில் எழுதி, வாங்கிய மையத்திலேயே ஒப்படைத்து, அங்குள்ள பதிவேட்டில் குறிக்கச் சொல்லுங்கள்.